தொட்டி நிறையும் நேரம்

கிராமத்துப் பிள்ளைகளின் தலையெழுத்து இன்றோடு மாறப்போகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மாறுவதற்கு முன்னால் எல்லோரும் செல்போனை அணைத்துவிட வேண்டுமாம்.

மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர்: 'உள்ளூர்த் தலைவர்களால் ஊர்க் கல்வி உயரும்.' அதில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகளோ, பல்லெல்லாம் வரிசையாக இருந்தது.

தையல்காரி கடையைப் பூட்டிவிட்டு இந்தத் தலைமைப் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் குழுவுக்கு அவள்தான் தலைவி. கழுத்தில் தொங்கிய அட்டையிலும் அப்படியே போட்டிருந்தார்கள். வீட்டில் மகளுக்கு அது ஒரு கேலி.

"தலைவியே, ஊரெல்லாம் அப்புறம் திருத்தலாம். என் சட்டைக்கு எப்பப் பொத்தான் வைப்பீங்க?"

கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்வரைதான் அந்த வாய். திறந்தால் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பள்ளிக்கூடத்திலோ இரண்டு வருடமாகக் கணக்குக்கு ஆசிரியர் கிடையாது.

கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பார்த்துவிட்டாள். எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "உங்க ஊருல கணக்கு வாத்தியார் இருக்காரும்மா. இடம் காலியில்ல."

காலி நாற்காலியை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் அதன்மேல் பையை வைக்கிறார்கள்.

அந்தக் கடுப்போடுதான் காலையிலிருந்து பலூன் ஊதினாள். பலூன் உடைந்தால் அது விடாமுயற்சியாம். உடையாவிட்டால் பொறுமையாம். ஊதாமல் வைத்திருந்த ஒரு பெரியவரைத் திட்டமிடும் திறன் உள்ளவர் என்று பாராட்டினார்கள்.

பிறகு பயிற்சியாளர் பலகைக்குப் போனார். சின்ன வயசுக்காரர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு தொட்டியை வரைந்தார்.

"ஒரு குழாய் தனியா ஆறு மணி நேரத்துல இதை நிரப்பும். இன்னொண்ணு தனியா மூணு மணி நேரத்துல. ரெண்டையும் சேர்த்துத் திறந்தா?"

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் மகள் பக்கத்தைக் கிழித்து எறிந்தது இந்தக் கணக்குக்காகத்தான்.

"ஒம்பது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. தொட்டிக்குள் கோடு போட்டு ஆறு பங்காக்கினார். ஒரு மணி நேரத்தில் முதல் குழாய்க்கு ஒரு பங்கு. இரண்டாவது குழாய்க்கு இரண்டு பங்கு. மூன்று பங்கை விரலால் தேய்த்துக் காட்டினார். பாதித் தொட்டி.

"ரெண்டு மணி நேரம்," என்று அவள் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"அவ்வளவுதான் விஷயம். அரசாங்கம் ஒரு குழாய், நீங்க ஒரு குழாய்."

அரசாங்கமெல்லாம் அவள் காதில் விழவில்லை. இவ்வளவு சுலபமா? இதற்கா அந்தப் பிள்ளை அழுதது?

தேநீர் இடைவேளையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"தம்பி, எங்க ஊருக்கு ஒரு நாலு நாள் வந்து பிள்ளைங்களுக்கு இப்படிச் சொல்லித் தர முடியுமா? கணக்குக்கு ஆளில்லாம தவிக்குதுங்க."

அவர் அவள் அட்டையிலிருந்த ஊர்ப் பெயரைப் படித்தார். கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"அக்கா, உங்க ஊரு கணக்கு வாத்தியார் நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோடை லீவுல உங்க பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள, நல்லாச் சொல்லித்தர்றேன்னு இங்க எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷமா தலைவர்களுக்குத்தான் நடத்துறேன். நானாக் கேட்டு வரலக்கா."

மணி அடித்தது. நிறைவு விழாவுக்கென்றே வந்திறங்கிய கல்வித்துறை மேலதிகாரி, இன்று கற்றுக்கொண்டதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார். மைக் கைமாறிக் கைமாறி வந்தது. ஒற்றுமை என்றார் ஒருவர். விடாமுயற்சி என்றார் பலூன் உடைத்தவர்.

தையல்காரி எழுந்தாள்.

"எங்க தொட்டிக்கு வர்ற குழாயைப் பிடுங்கிட்டு வந்து இங்க மாட்டி வச்சுக்கிட்டு, உங்க தொட்டி ஏன் நிறையலன்னு எங்களையே கேக்குறீங்களா? அதுக்கு நாங்க பலூன் வேற ஊதணுமா? அந்தா நிக்கிறாரே, அவரு எங்க பிள்ளைங்களோட வாத்தியாரு. என் பொண்ணு பரீட்சையில தோத்தா யாரு பதில் சொல்லுவீங்க? இன்னைக்கே அவரை அனுப்புங்க!"

பயிற்சியாளர் தரையைப் பார்த்தார்.

முதலில் கைதட்டியவர் மேலதிகாரிதான். எழுந்து நின்றே தட்டினார்.

"பார்த்தீங்களா! காலையில வந்தப்ப இந்த அம்மா இப்படிப் பேசியிருப்பாங்களா? இதுதான் தலைமைப் பண்பு! நம்ம பயிற்சியோட வெற்றி இதுதான்!"

எல்லோரும் தட்டினார்கள். அவள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். மைக்கை வாங்கிவிட்டார்கள்; தட்டிய சத்தத்தில் கேட்கவில்லை. யாரோ அவள் கையில் சான்றிதழைத் திணித்துப் படம் எடுத்தார்கள். படத்தில் திறந்திருந்த வாயைச் சிரிப்பு என்றே எல்லோரும் நினைப்பார்கள்.

மேலதிகாரி உதவியாளர் பக்கம் சாய்ந்தார். "எந்த ஊரு இவங்க? குறிச்சுக்கோ. இப்படி ஒரு தலைவி இருந்தா, வாத்தியார் குறைஞ்சாலும் அந்த ஊரு தாங்கும்."

திங்கட்கிழமை, அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரையும் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார்கள்.