பனிக்குள் ஒரு படகு

அடையாறு முகத்துவாரத்தில் விடிந்தும் பனி விலகவில்லை. உடைந்த பாலம் பாதியிலேயே வெண்மைக்குள் மறைய, ஸஹானா அதைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறாள்; இன்னும் கொஞ்ச நேரம் பனி இப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறாள். குப்பத்திலிருந்து தேசம்மா மூச்சிரைக்க ஓடி வருகிறாள். “கண்ணு, இந்தக் கேமராவுல தூரமா இருக்கறது தெரியும்ல? எங்க வூட்டுக்காரரும் புள்ளையும் நேத்து கடலுக்குப் போனவங்க, இன்னும் வரல. போட் கீதான்னு பாரேன்.” ஸஹானா லென்ஸைக் கடல் பக்கம் திருப்புகிறாள். வெறும் வெள்ளை. பிறகு மெல்லக் கறுத்து ஒரு படகு வருகிறது. அதில் ஒரே ஒரு ஆள், தலையைக் கவிழ்த்தபடி. “இன்னா தெரியுது?” “படகு வருதுக்கா.” தேசம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே தண்ணீரை நோக்கி ஓடுகிறாள். ஸஹானா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு ஆளைத் தேடுகிறாள்.