டேப் ஒட்டிய ஒன்பதாம் இதழ்

டோரீன் கிழவியைப் புதைத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவள் வீட்டு வாசலில், காலை ஏழு மணிக்கே, கையில் வரிசைக்குக் கொடுத்த நாலாம் நம்பர் சீட்டோடு வந்து நின்றுவிட்டான் கோரி. பத்தொன்பது வயது. பழைய காமிக்ஸ் பைத்தியம்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்கள் டொலீடோ ஊரில் யார் செத்தாலும், வீட்டிலிருக்கும் சாமானையெல்லாம் விலைச் சீட்டு ஒட்டி அங்கேயே விற்றுவிடுவார்கள். சோபாவுக்கு ஒரு கூட்டம் வரும், பீங்கானுக்கு ஒரு கூட்டம் வரும், காமிக்ஸுக்கு நாங்கள் வருவோம். வெட்கம் பார்த்துக்கொண்டு நின்றால் பெட்டி அடுத்தவன் காரில் ஏறிவிடும்.

முதல் நம்பர் வெண்டலிடம் இருந்தது. காமிக்ஸ் கடை வைத்திருப்பவர். தாடி முழுக்க டோனட் சர்க்கரை.

"என்னடா தம்பி, உனக்கும் மூக்குல வேர்த்துடுச்சா?"

"விளம்பரம் பாத்துத்தான் தெரிஞ்சுது" என்றான் கோரி.

"போட்டோவுல ஒரு மூலையில அரை இஞ்சு அட்டை தெரிஞ்சுது. அதப் பாத்துட்டு வந்திருக்கியே, கண்ணாடா அது?" வெண்டல் குரலைத் தாழ்த்தினார். "செம்பு ஆந்தை, ஒன்பதாவது இதழ். நல்லா இருந்தா அறுநூறு டாலர். இங்க எல்லாப் புத்தகமும் ஒரே டாலர். விவரம் தெரியாத ஜனங்க."

கோரி தலையை மட்டும் ஆட்டினான்.

"கிழவி தனிக்கட்டை. பெத்தவங்க கவனிப்பு இல்லாத பசங்கள கவர்மென்ட்டு அனுப்பும், அதுங்கள வீட்டுல வச்சுச் சோறு போட்டுக்கிட்டு இருந்தாளாம். எவனோ விட்டுட்டுப் போயிருப்பான். அவன் தலையெழுத்து, நம்ம அதிர்ஷ்டம்!"

அதற்கும் கோரி சிரிக்கவில்லை. முகம் மரக்கட்டையாக இருந்தது. எங்கள் வேட்டையில் அதுதான் முதல் பாடம், சந்தோஷம் முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும். ஆனால் அன்றைக்கு அவனுக்கு உள்ளேயும் மரத்துத்தான் கிடந்தது. நெஞ்சு படபடக்க வேண்டிய நேரம். படபடக்கவில்லை, அது அவனுக்கே பிடிக்கவில்லை.

கதவைத் திறந்தது ஷெல்லி. கிழவியின் அண்ணன் மகள், வீட்டைக் காலி செய்ய வெளி மாநிலத்திலிருந்து வந்தவள். "தள்ளாம வாங்க, நம்பர்படி வாங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வெண்டல் படுக்கையறைகளைத் தேடி மாடிக்கு ஓடினார்.

கோரி ஓடவில்லை. சமையலறையைத் தாண்டி, குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்த குறுகலான கதவைத் திறந்து நிலவறைக்குள் இறங்கினான். கும்மிருட்டு. கையை உயர்த்தி ஒரே பிடியில் விளக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது பெட்டி. மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினான். வாத்துக் கதை, பேய்க் கதை, காதல் கதை. பதினேழாவதாக வந்தது செம்பு ஆந்தை. எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான்.

படியில் தடதடவென்று சத்தம். மூச்சிரைக்க வந்து நின்றார் வெண்டல்.

"அடிச்சுட்டியே! சரி, கைல எடுத்தவனுக்குத்தான் சொந்தம், நான் மல்லுக்கு நிக்கல. கண்ணால பாத்துக்கறேன், காட்டு."

கோரி காட்டினான். வெண்டல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அட்டை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்திருந்தது. அதன்மேல் நீளமாக டேப். உள்பக்கமும் டேப். மஞ்சளடித்துப் போயிருந்தது.

"எவன்டா பண்ணுன வேலை இது? கிழிஞ்சத அப்படியே விட்டிருந்தாக்கூட நூறு தேறும். டேப் ஒட்டிட்டா யாரு சீந்துவா? ஒட்டின கைய ஒடிக்கணும்!"

கோரி ஒட்டிய இடத்தை விரலால் தடவினான். கோணல் இல்லை, சுருக்கம் இல்லை. நிதானமாக உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள்.

"மத்ததெல்லாம் நீங்க எடுத்துக்குங்க" என்றான்.

"என்னது? பெட்டிய விட்டுட்டுக் குப்பைய எடுத்துக்கறியா?" வெண்டலுக்கே பாவமாகிவிட்டது. "சரி, அதக் கடைக்குக் கொண்டா. என்கிட்ட மருந்து இருக்கு, டேப்ப உரிச்சுத் தரேன். காசு வேணாம்."

"டேப் இருக்கட்டும்."

"உருப்பட மாட்டே நீ." பையன் மனசு மாறுவதற்குள் வெண்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

சமையலறை மேஜையில் ஷெல்லி பணம் வாங்கிக்கொண்டிருந்தாள். கோரி நீட்டிய புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுக்குப் போயா? சும்மா எடுத்துட்டுப் போ தம்பி."

அவன் ஒரு டாலரை மேஜையில் வைத்தான். அவள் எடுத்து டப்பாவில் போட்டாள்.

"எங்க அத்தை வீட்டுல இதெல்லாம் எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்றாள் அவள், பேச்சுக்கு ஏதோ சொல்ல வேண்டுமே என்று. "பாவம், சாவுக்கு மொத்தம் ஆறு பேர்தான் வந்தோம். வேற யாருக்குச் சொல்றதுன்னுகூடத் தெரியல. பிள்ளைன்னு ஒருத்தர்கூட இருந்ததில்ல அவங்களுக்கு."

பின்னால் ஒருவர் மேஜை விளக்கைக் கட்டிப் பிடித்தபடி, இவன் நகருவானா என்று பார்த்துக்கொண்டு நின்றார். கோரி நகரவில்லை. முகத்தில் இப்போதும் எதுவும் இல்லை.

"ரெண்டு வருஷம் இந்த வீட்டுல நான் இருந்தேன்."