தொடாத பீடி

"பீடி குடிப்பேன்னு நான் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள நீதானேடி..."

"ஆமா, நான்தான்! உங்க நாக்கு எங்க போச்சு?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த புருஷனிடம் பங்கஜவல்லி சீறினாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு முகாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் ஸ்கேன் இலவசம். வரப்போகும் சம்பந்தி வரிசையில் பின்னால் நின்றதால், "இவர் தொட்டதே இல்லை" என்று நர்ஸிடம் அடித்துச் சொன்னாள். மகள் கல்யாணம் ஜோராக நடந்தது. அன்றே பார்த்திருந்தால் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது என்கிறார் டாக்டர்.

சாத்துக்குடியோடு சம்பந்தி உள்ளே வந்தார்.

"அன்னிக்கு நீங்க போனதும் பீடி குடிப்பேன்னு உண்மையைச் சொல்லி நான் ஸ்கேன் எடுத்துக்கிட்டேன். சின்னக் கட்டி, அப்பவே எடுத்துட்டாங்க. கல்யாணம் கெட்டுடக்கூடாதுன்னு உங்ககிட்ட மூச்சு விடல. ஆமா சம்பந்தியம்மா, பீடியே தொடாத மனுஷருக்கு இது எப்படி வந்துச்சு?"