முதல் வரிசைச் சந்தேகங்கள்

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம்!"

முதல் வரிசையில் கை உயர்ந்ததும் பயிற்சியாளர் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். கையைத் தூக்கியது வேறு யாருமில்லை, அவளுடைய மாமியார்.

பங்கு முதலீடு பற்றி அவள் எடுக்கும் முதல் வகுப்பு அது. நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். கடைசி வரிசையில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நேரம் பார்த்து, "நானும் வந்து கேக்கறேனே" என்று மாமியார் கிளம்பி வந்துவிட்டார். வேண்டாம் என்று எந்த மருமகளால் சொல்ல முடியும்?

"கேளுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"குரோத் ஷேர், வேல்யூ ஷேர்னு கடகடன்னு சொல்லிட்டீங்க. ரெண்டும் ஷேர்தானே? என்ன வித்தியாசம்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குரோத்னா, வேகமா வளரும்னு எல்லாரும் நம்பற கம்பெனியோட ஷேர். அந்த நம்பிக்கைக்கும் சேர்த்து விலை கொடுக்கறோம். அதனால இன்னைக்கு வர்ற லாபத்தோட ஒப்பிட்டா விலை அதிகமாத் தெரியும். வேல்யூ அப்படி இல்ல. நல்லா நடக்கற கம்பெனிதான், ஏதோ காரணத்தால சந்தை அதைக் கண்டுக்கல. அதோட தகுதிக்குக் குறைஞ்ச விலையில கிடைக்கும்."

வகுப்புக்கு வந்திருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் தலையாட்டினார். அவள் அவசரமாக அடுத்த பகுதிக்குத் தாவினாள்.

"மேடம், இன்னொண்ணு. குரோத் கம்பெனி நல்லா சம்பாதிக்குதுங்கறீங்க. அப்புறம் ஏன் லாபத்துல நமக்குப் பங்கு, அதான் டிவிடெண்ட், தர யோசிக்குது? கஞ்சத்தனமா?"

இந்தத் தடவை வகுப்பே சிரித்தது. வீட்டில் வா, போ என்று கூப்பிடுபவர், இங்கே வார்த்தைக்கு வார்த்தை மேடம். குத்தல் இல்லாமல் வேறென்ன என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கஞ்சத்தனம் இல்லம்மா. வர்ற லாபத்தைத் திரும்பத் தொழில்லயே போடறாங்க. புதுக் கிளை, புது மெஷின்னு. இப்போதைக்குக் கையில காசு வராது, கம்பெனி வளர்ந்தா ஷேர் விலை ஏறும். வேல்யூ கம்பெனிங்க பெரும்பாலும் ஏற்கெனவே வேரூன்றி நிக்கறதால டிவிடெண்ட் தரும்."

"சரி, வளரும்னு நம்பினது வளரலைன்னா?"

"விலை தடால்னு விழும். நம்பிக்கைக்குக் கொடுத்த விலையாச்சே."

"அப்ப வம்பே வேணாம். மலிவா கிடைக்கறதை எல்லாம் வாங்கிப் போட்டா வேல்யூதானே?"

"ஐயோ, கிடையவே கிடையாது!" அவள் பதறிப் போனாள். "மூழ்கப்போற கம்பெனியும் மலிவாத்தான் கிடைக்கும். மலிவு வேற, மதிப்பு வேற. சொத்து, கடன், லாபம் எல்லாம் பார்த்துத்தான் வாங்கணும்."

மருந்துக்கடைக்காரருக்கு முகமே மாறிவிட்டது. "நல்லவேளை, நாளைக்கே அப்படி ஒண்ணு வாங்க இருந்தேன்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் வரவேற்பறைப் பெண் அவள் காதைக் கடித்தாள். "உங்க மாமியாராமே? வீட்டுச் சண்டையை இங்கயா கொண்டு வரணும்? பாவம் நீங்க."

அதற்குள் மேனேஜர் கூப்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார், அவங்க வந்து..."

"எதுக்கு மன்னிப்பு? அத்தனை கேள்விக்கும் முகம் சுளிக்காம, பச்சைக்குழந்தைக்கும் புரியற மாதிரி சொன்னீங்க. வேலை நிரந்தரம். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லா வகுப்பும் நீங்கதான்."

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. இருந்தாலும் மாமியாரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வராந்தாவுக்கு வந்தாள்.

மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு, தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எப்படிப் பேசினாங்கறே! கூட்டம் வாயைப் பொளந்துட்டுக் கேட்டுச்சு. அத்தனை பேர் முன்னால அவளை மேடம்னு கூப்பிடறப்போ எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சுடி. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கதான், சிரிச்சிட்டுப் போகட்டும். தினமும் வீட்டுல அவ சத்தமா சொல்லிப் பார்த்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாடம் மொத்தமும் மனப்பாடம். இங்க வந்து நின்னதும் பயத்துல முக்கியமானதை எல்லாம் முழுங்கிட்டு ஓடறா. என்ன பண்ணச் சொல்றே? அவ எதெதை விட்டாளோ, அதை எல்லாம் நான் சந்தேகமாக் கேட்டுட்டேன்!"