மணிக்கட்டுக்குக் கீழே

சபேசன் கிளாரினெட் வாசிக்க, அதே மேடையில் ஓவியர் மரியதாஸ் படம் வரைவார். பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே ஒப்பந்தம்: சபேசன் மங்களம் தொடங்கினால் மரியதாஸ் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். அன்று பல்லவியின் நடுவே கைதட்டல் எழுந்தது. சபேசன் கண் திறந்தார். சபையே படத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தது. பல்லவியை அப்படியே விட்டுவிட்டு மங்களத்தை எடுத்தார். மரியதாஸ் ஒரு கணம் அவரைப் பார்த்தார், தூரிகையை வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் சபேசன் படத்தின் முன்னால் போய் நின்றார். அவரேதான். மூடிய கண், உப்பிய கன்னம், உதட்டில் கிளாரினெட். மணிக்கட்டுக்குக் கீழே வெறும் வெள்ளைத் துணி.

"விரலைக் கடைசியில நிதானமா வைக்கலாம்னு இருந்தேண்ணே."

"வயிறெரிஞ்சு போச்சு தாஸு. அதான் முடிச்சேன்."

"தெரியும்ணே."

"மறுபடி வாசிக்கிறேன். வரைஞ்சிரு."

"கச்சேரிதான் முடிஞ்சிருச்சே."

சபேசன் கேட்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, விட்ட பல்லவியை எடுத்தார். வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. மரியதாஸ் தலையாட்டி ரசித்தபடி, தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார்.