நற்சான்று

"உங்க வீட்டுக்காரர் கையில துப்பாக்கி இருக்கறது நல்லதில்லைன்னு யாரோ போன் பண்ணியிருக்காங்கம்மா" என்றார் லைசென்ஸ் அதிகாரி.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு சார்?"

"பேர் சொல்லலை. ஆம்பளைக் குரலாம். ஆபீஸ்ல போனை எடுத்த பொண்ணு சொல்லிச்சு, அவ்வளவுதான். ஆனா இப்படி ஒண்ணு வந்துட்டா, லைசென்ஸைப் புதுப்பிக்கறதுக்கு முன்னாடி கூட இருக்கறவங்களைத் தனியா விசாரிக்கணும்னு ரூல். அதான் அவரை ஹால்லயே உக்காரச் சொல்லிட்டு வந்தேன். உங்களுக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்க. பிஸ்டலை இப்பவே எடுத்துட்டுப் போயிடறேன்."

யாரோவாம்! யாரென்று அவளுக்கா தெரியாது? துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர்தான். இவள் கணவர் ஒவ்வொரு தடவை கோப்பை வாங்கும்போதும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டே வயிறெரிந்த மனுஷன். சமயம் பார்த்துக் காலை வாரிவிடப் பார்க்கிறான்.

போன வருஷம் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். ஃபோர்மேனாக அத்தனை பேரை மேய்த்தவர் அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். எது கேட்டாலும் ஒரு 'ம்'. மகன் வெளியூரிலிருந்து கூப்பிட்டால்கூட அதே 'ம்'. அப்படிப்பட்டவர் இன்றைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் தானாக எழுந்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மனிதருக்கு இந்த உலகத்தில் ஒட்டுதல் என்று மிச்சமிருப்பது அந்த ஒரு துப்பாக்கிதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர் அவ்வளவுதான். என்ன பொய் சொல்லியாவது இந்த லைசென்ஸை வாங்கிவிடுவது என்று அவள் அப்போதே முடிவு கட்டியிருந்தாள்.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டார் அதிகாரி.

"தலையணையில தலையை வச்சா குறட்டைதான் சார். எனக்குத்தான் பொட்டுத் தூக்கம் கிடையாது."

அதில் அவளுக்குத் தூக்கம் இல்லை என்பது மட்டும் நிஜம்.

"சாப்பாடு?"

"நல்லா சாப்பிடுவாரு. சில நாள் எனக்கு மிச்சமே இருக்காது." காலையில் அவர் தொடாமல் வைத்த தட்டு மேடைமேல் மூடியிருந்தது. அதை மறைத்த மாதிரி தள்ளி நின்றுகொண்டாள்.

"கிளப் பக்கமே போறதில்லையாமே? போட்டிக்குச் சுடறவங்கன்னா ஒழுங்கா பயிற்சிக்கு வரணும்மா. சுடாதவங்களுக்கு எதுக்கு விளையாட்டு லைசென்ஸ்?"

"தோள்பட்டை வலி சார். டாக்டர் கையை ஆட்டக்கூடாதுன்னுட்டார். இப்ப தேவலை. அடுத்த வாரத்துலேர்ந்து போறாரு." தனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது.

அதிகாரி தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. வேலை போனதுல மனசு விட்டுப்போய், ஏதாவது ஏடாகூடமா..."

"சார்!" அவளுக்குச் சுருக்கென்றது. "ஊர்ல யாருக்குத்தான் வேலை போகலை? அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்கறேன், என்னைவிட அவரை யாருக்கு சார் தெரியும்?"

இருவரும் ஹாலுக்கு வந்தார்கள். கணவர் சட்டென்று எழுந்து நின்றார். அதிகாரி துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சுவரோடு சேர்த்து முடுக்கியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். தோட்டாக்கள் தனிப் பெட்டியில், தனிப் பூட்டில் இருந்தன. ஒரு குறை சொல்ல முடியாது.

"எல்லாம் சுத்தம். நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வந்து..."

"அவர் என்ன சொல்லப்போறாரு?" அவள் முந்திக்கொண்டாள். வேண்டாததை உளறிக் கொட்டிவிடப் போகிறாரே என்ற பயம் அவளுக்கு. "அவருக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச வராது சார். அதான் நான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி லைசென்ஸில் முத்திரை குத்தி மேசைமேல் வைத்தார். "கூடவே இருக்கற மனைவி இவ்வளவு அழுத்தமா சொல்லும்போது, பேர் சொல்ல பயப்படற ஆளை நான் எதுக்கு நம்பணும்? சந்தோஷமா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவைச் சாத்தியதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு நல்லது நடந்திருக்கிறது.

"பார்த்தீங்களா, எப்படி வாங்கிக் கொடுத்தேன்னு? உங்க செயலாளர் மூஞ்சியில இனிமே ஈயாடாது. நல்லா இருக்கற குடும்பத்துல மண்ணள்ளிப் போடப் பார்த்தானே, பாவி. போன் பண்ணின அந்தக் கை விளங்காமப் போக."

அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷம் போலிருக்கிறது என்று பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

"போன் பண்ணினது நான்தான்" என்றார். "உங்கிட்ட சொல்ல வாய் வரலை... அந்த ஆபீசர் வண்டியை எடுக்கறதுக்குள்ள ஓடிப்போய்க் கூப்பிடு."