சேர்மனுக்கு ஒரு கதிரை

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் எங்கள் கிராமச்சபைக்குச் சேர்மனான பாக்கியரத்தினத்தார் பிறகு பதவியை விடவேயில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் மனைவி கமலேஸ்வரியிடம், "இதுதான் கடைசி. பிறகு பின்னேரங்களில உம்மோட விறாந்தையில இருப்பன்" என்பார். அவ முதல்முறை அதை நம்பி, கொட்டியாரக் குடாவைப் பார்த்தபடி இரண்டு சாய்மனைக் கதிரைகள் போட்டா. அவர் ஒருநாளும் அதில் இருந்ததில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு மாரிகாலத்தில், சபை உறுப்பினரான நான் ஒரு கூட்டத்துக்குப் பிந்திப் போனேன்.

"நீங்கள் எப்பிடி எனக்கு முந்தி வந்தனீங்கள்?" என்று சேர்மனைக் கேட்டேன். "இப்பதானே உங்கட விறாந்தையில கமலேஸ்வரி அக்காவோட தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

மற்ற உறுப்பினர்கள் சிரிக்கவில்லை. அவர்களும் வரும் வழியில் அவரை அங்கே கண்டிருந்தார்கள்.

"நான் மத்தியானத்தில இருந்து இஞ்சதான்" என்றுவிட்டு, சேர்மன் கிணறு வெட்டுகிற விசயத்தைத் தொடங்கினார்.

தை மாதம் கூட்டத்திலேயே மயங்கி விழுந்தார். தேறியதும் பதவியை விட்டார். நாங்கள் போட்ட மாலையோடு வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

விறாந்தையில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியிலும் ஆவி பறந்தது. கமலேஸ்வரிக்குப் பக்கத்துக் கதிரையில் ஆளில்லை. ஆனால் அதன் துணி, ஆள் இருப்பதுபோலத் தாழ்ந்திருந்தது.

"எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டன்" என்றார்.

அவ எழும்பிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தா.

"வாங்கோ சேர்மன்" என்றா.

பிறகு வெறும் கதிரைப் பக்கம் திரும்பினா.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எழும்ப வேண்டாம். அவருக்கு நான் உள்ளுக்கிருந்து ஒரு கதிரை கொண்டுவாறன்."